ஒவிலா டேகிள் அடைத்த ஜன்னல்கள்

உருளைக்கிழங்கு அறுவடை முடிந்து, அதற்காக மூடப்பட்ட பள்ளிக்கூடம் மறுபடி திறக்கும் வாரத்தில், எங்கள் சாலையில் பாதி வீடுகளின் ஜன்னல்களை ஒவிலா டேகிள்தான் அடைத்துக் கொடுப்பார். மெல்லிய பிளாஸ்டிக் தாளை உள்பக்கமாக இழுத்து விரித்து, மரச்சட்டம் வைத்து ஆணியடிப்பார். சுருக்கம் போக, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுவார். வெளியே, அடிச்சுவரைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளைக் குவிப்பார். எல்லாம் முடிந்ததும் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நடப்பார். சுடர் அசைந்தால் அந்த இடத்தில் இன்னொரு ஆணி. அசையாவிட்டால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுப்பில் ப்ளோய் என்னும் எங்கள் ஊர் அப்பம் வெந்துகொண்டிருந்தால் மட்டும் உட்காருவார்.

"ஒவிலா அடைச்ச வீட்ல பேய் செத்தாக்கூட ஆவி வெளிய போக முடியாது" என்பார் அவருடைய நண்பர் கான்ராட் சிர்.

குளிரை வெளியே நிறுத்துவதே ஒவிலாவின் பிழைப்பாகவும் இருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வட எல்லையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்; பிறந்தது முதல் அந்த ஆற்றைவிட்டு அதிக தூரம் போகாதவர். மண்ணுக்குள் பாதி புதைந்த உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அங்கே ஜனவரியில் ஒரு கதவு விரலளவு திறந்திருந்தால் போதும், ஒரு கோடைகால உழைப்பு முழுவதும் கறுத்துப் போகும். அவர் காவலில் இருந்தவரை எந்தக் கிழங்கும் கறுத்ததில்லை.

குளிர்காலத்தில் அவருக்கு இருந்த ஒரே கேளிக்கை, உறைந்த ஏரியின்மேல் நிறுத்திய மீன்பிடிக் குடிசை. பலகைகளை அவரும் கான்ராடும் சேர்ந்து அடித்தார்கள். தரையில் பனிக்கட்டியைத் துளைத்து நான்கு குழிகள். நடுவே சிறு உருளையைத் திருகி மாட்டும் கேஸ் ஹீட்டர். வாளி அளவுதான் இருக்கும். பலகை இடுக்குகளில் காற்று சீறும்போது அதன் சுடர் சட்டென்று அணைந்துவிடும். உடனே ஒவிலா எழுந்து, காற்று வரும் இடுக்கைத் தேடி, கந்தல் துணியையோ பனியையோ திணித்துவிட்டு, ஹீட்டரை மறுபடி ஏற்றுவார்.

"போன வாரம் என் கையுறையச் சொருகின. இன்னிக்கு என்னையே சொருகப் போறியா?" என்று கான்ராட் கேட்பார்.

"உன்னச் சொருகினா நாத்தம் வரும். காத்தே தேவல."

மனைவி இமெல்டாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் ஏரிக்குப் போகவில்லை. அவளுடைய வலப்பக்கம் முழுவதும் செயலிழந்திருந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "இல்ல." பசித்தாலும் இல்ல, வயிறு நிறைந்தாலும் இல்ல, ஒவிலா நெற்றியில் முத்தமிட்டாலும் இல்ல. ஆகவே அவர் அந்தச் சொல்லைக் காதில் வாங்குவதை நிறுத்திவிட்டு, கண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார். கண் குவளைக்குப் போனால் தாகம். கதவுக்குப் போனால் கழிப்பறை. ஜன்னலுக்குப் போனால் குளிர். அப்போது திரையை இழுத்துவிட்டு இன்னொரு போர்வை போர்த்துவார். பெரும்பாலும் அது சரியாகவே இருந்தது.

அவளுடைய கட்டிலைக் கீழே சமையலறைக்கு அடுத்த அறையில் போட வேண்டியிருந்தது. இடம் போதாததால் விறகு அடுப்பைக் கழற்றி விற்றார். எண்ணெய்க் கொதிகலன் வீடு முழுவதையும் சூடாக்கியதால் அந்த அடுப்பை யாரும் தேடவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் மாவட்டத்திலிருந்து வந்த பராமரிப்பு அதிகாரி, கட்டிலையும் கழிப்பறையையும் ஒவிலாவின் நடுங்கும் முழங்காலையும் பார்த்துவிட்டு, இனி ஒருமுறை அவள் விழுந்தாலோ ஏதேனும் விபரீதம் நடந்தாலோ முதியோர் இல்லம்தான் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். ஒவிலா அன்று இமெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கற வரைக்கும் இந்தக் கட்டில்தான் உனக்கு" என்றார். அவள் "இல்ல" என்றாள். அவர் சிரித்தார்.

இதை எழுதுவதற்காக ஒவிலா, கான்ராட், இமெல்டாவின் தங்கை மகள் ஜோலின் ஆகிய மூவரையும் தனித்தனியே கேட்டேன். ஓரிடம் தவிர மற்றெல்லாம் ஒத்துப்போகின்றன.

ஜனவரி நடுவில் பனிக்குப் பதிலாக மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே அது கண்ணாடியாக உறைந்தது. மரங்கள் துப்பாக்கி வெடிப்பதுபோல் முறிந்தன; மின்கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. மின்சாரம் போனதும் கொதிகலன் நின்றது. சுவரில் செருகியிருந்த நச்சுவாயு எச்சரிக்கைப் பெட்டியும் சேர்ந்து நின்றது; அதற்கு மாற்று பேட்டரி இல்லை. கம்பி வழித் தொலைபேசி மட்டும் உயிரோடு இருந்தது. பள்ளிக்கூட விளையாட்டரங்கில் திறந்திருந்த முகாமிலிருந்து ஜோலின் அழைத்தாள்.

"பெரியப்பா, இங்க ஜெனரேட்டர் ஓடுது, சூப் கொதிக்குது. கான்ராட் மாமா டயர்ல சங்கிலி மாட்டிட்டு வரேங்கறாரு. பெரியம்மாவக் கூட்டிட்டு வந்துடுங்க."

"உன் சூப்ப நான் குடிச்சிருக்கேன்டி. அதுக்கு இங்கயே விறைச்சுப் போகலாம்."

"விளையாடாதீங்க."

"விளையாடல. அவள இந்தக் கட்டில்லேந்து ஒரு தடவ இறக்கினா, திரும்ப ஏத்த விடமாட்டாங்க. உனக்கே தெரியும்."

ஜோலினுக்குத் தெரியும். அதனால்தான் அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அதைச் சொல்லும்போது இன்றும் அவள் தன் கைகளையே பார்த்துக்கொள்கிறாள்.

ஒவிலா கொட்டகையிலிருந்து மீன்பிடி ஹீட்டரைக் கொண்டுவந்து, தூசி தட்டி, இமெல்டாவின் கால்மாட்டில் வைத்தார். சமையலறையைத் தவிர மற்ற அறைக் கதவுகளை மூடி, கீழ் இடுக்குகளில் துண்டுகளைச் சுருட்டி வைத்தார். அன்று இரவு அறை கதகதப்பாகவே இருந்தது. மறுநாள் காலை ஹீட்டர் தானாக அணைந்தது.

ஏற்றினார். சிறிது நேரத்தில் மறுபடி அணைந்தது. உருளை தீரவில்லை, குலுக்கிப் பார்த்தார். அப்படியானால் காரணம் ஒன்றுதான். ஏரியில் அத்தனை குளிர்காலங்களும் அவருக்குக் கற்றுக்கொடுத்த காரணம் அது: எங்கோ காற்று புகுகிறது. மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு தான் அடைத்த ஜன்னல்களைத் தானே சோதித்தார். சுடர் எங்கும் அசையவில்லை. இமெல்டாவின் கட்டிலை ஒட்டிய ஜன்னலருகே மட்டும் இலேசாகத் தலைசாய்ந்தது. பிளாஸ்டிக் தாளின் ஓரம் ஒன்று விட்டிருந்தது. அதை ஆணியடித்து இறுக்கினார். ஹீட்டர் மறுபடி அணைந்தது.

காற்றில் உயிர்வாயு குறைந்தால் தானே அணையும்படி அந்த ஹீட்டரைச் செய்திருக்கிறார்கள். ஓட்டையான குடிசையில் அதற்கு அந்த வேலை ஒருநாளும் வந்ததில்லை. நச்சுவாயுவையோ அதற்கு அறியத் தெரியாது. பழைய கரி படிந்த முகப்போடு, ஏற்றிய ஒவ்வொரு முறையும் அந்த வாயுவை அது அறைக்குள் கக்கியது.

இமெல்டா ஜன்னலைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். ஒவிலா மேல்மாடியிலிருந்து தடித்த தையல் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலின்மேல் ஆணியடித்தார். அவள் பார்வை போர்வையைவிட்டு நகரவில்லை. "இல்ல, இல்ல."

"சரிடி, சரி. இதோ ஆச்சு. இனிமே குளிராது."

பிற்பகலில் ஜோலின் மறுபடி அழைத்தாள். ஒவிலாவின் குரல் குழறியது.

"தலை வலிக்குதும்மா. தூக்கமே இல்லல்ல, அதான். உன் பெரியம்மா கொஞ்சம் வாந்தி எடுத்தா. இந்த ஹீட்டர் சனியன் ஏத்த ஏத்த அணையுது. எவ்வளவு அடைச்சாலும் எங்கேந்தோ காத்து வருது."

ஜோலின் அதைச் சொன்னபடியே கான்ராடிடம் திருப்பிச் சொன்னாள். தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்த கான்ராட் அப்போதுதான் ஒரு மரத்தை அறுத்துவிட்டு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். குவளையைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரைப் பறித்தார்.

"ஒவிலா! அத அணை. கதவத் தொற."

"எந்தக் கதவ?"

"எல்லாத்தையும்டா! ஜன்னலத் தொற!"

"பைத்தியமாடா உனக்கு? காத்து வருதுன்னு சொல்றேன். நீ இன்னும் காத்து விடச் சொல்ற."

"அது காத்துல அணையல. காத்து இல்லாம அணையுது. புரியுதா? இது குடிசை இல்லடா, வீடு. நீ அடைச்ச வீடு!"

"அவளுக்குக் குளிருமேடா" என்றார் ஒவிலா. ரிசீவர் சுவரில் மோதித் தொங்கும் ஒலி கேட்டது.

கான்ராட் ஓடினார். அவர் விட்டுப்போன ரிசீவரை எடுத்த ஜோலின் அதைக் காதிலிருந்து விலக்கவில்லை. "பெரியப்பா! பெரியப்பா!" என்று கத்தினாள். அவளைச் சுற்றி, முகாமிலிருந்தவர்கள் கிண்ணங்களோடு அப்படியே நின்றார்கள். ஏதோ கனமாக விழுந்தது. அதன்பின் கேட்டதெல்லாம் ஒரே குரல், தூரத்திலிருந்து, சீரான இடைவெளியில்: "இல்ல. இல்ல." இடைவெளி நீண்டுகொண்டே போனது. "நான் இங்கதான் இருக்கேன் பெரியம்மா" என்று ஜோலின் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது அந்த அறையை எட்டாது என்று அவளுக்குத் தெரியும். சாலையில் நான்கு மரங்கள் குறுக்கே கிடந்தன. கான்ராட் வண்டியை விட்டுவிட்டு, கண்ணாடித் தரையில் பாதி நடந்தும் பாதி தவழ்ந்தும் போனார். அவர் கதவை உடைத்து, பிளாஸ்டிக் தாளைக் கிழித்த ஓசை தொலைபேசியில் கேட்டபோது, இமெல்டாவின் குரல் நின்று போயிருந்தது.

ஒவிலா ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே கிடந்தார். கையில் சுத்தியல் இருந்தது. ஆணியைப் பிடுங்கும் பக்கம் மேலே இருந்தது, திறக்கத்தான் போயிருக்கிறார் என்கிறார் கான்ராட். இன்னொரு ஆணி அடிக்கப் போனேனா, பிடுங்கப் போனேனா, நினைவில்லை என்கிறார் ஒவிலா. ஒத்துப்போகாத இடம் அதுதான்.

இருவரும் பிழைத்தார்கள். பராமரிப்பு அதிகாரி மருத்துவமனைக்கே வந்தார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் ஒவிலா கையெழுத்திட்டார். இமெல்டா முதியோர் இல்லத்துக்குப் போனாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு அங்கே போனேன். வெப்பம் மிகுந்த சுத்தமான அறை. இமெல்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவிலா உடனே எழுந்து கைப்பிடியைத் தேடினார். ஜன்னலுக்குக் கைப்பிடியே இல்லை. அந்த வழியாகப் போன தாதியைக் கூப்பிட்டார்.

"இதக் கொஞ்சம் தொறங்கம்மா. விரலளவு போதும்."

"இங்க எந்த ஜன்னலும் தொறக்காது ஐயா. சூடு வெளிய போயிடும்ல?"

தாதி போன பிறகு, ஒவிலா விரலை நாக்கில் நனைத்து, சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி இமெல்டாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் அடைச்சிருக்காங்க" என்றார்.

"இல்ல" என்றாள் இமெல்டா.