‘லீவிங்’ சொல்ல மாட்டேன்

தனுஷ்கோடி ரோட்டில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறேன். டூரிஸ்ட்டுகளிடம் நாலு வார்த்தை பேசலாமே என்று இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

அன்றைக்கு ‘கோ’ என்ற வார்த்தை. அதே அர்த்தத்தில் லீவ், டிபார்ட், செட் அவுட் என்று மேடம் போர்டு நிறைய எழுதிப்போட்டார். பிறகு என்னை எழுப்பி, “நீங்க கடலுக்குக் கிளம்புறீங்க. வீட்ல ‘ஐ ஆம் லீவிங்’னு சொல்லுங்க” என்றார்.

“சொல்ல மாட்டேன் மேடம்.”

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“எங்க வீட்டுக்காரரு இப்ப கடல்ல இருக்காரு. எங்க பக்கம் யாரும் போறேன்னு மட்டும் சொல்றதில்ல. போயிட்டு வாரேன்னுதான் சொல்லுவோம்.”

“இங்கிலீஷ்ல அதெல்லாம் கிடையாதுக்கா. மூடநம்பிக்கை” என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் உட்காரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேடத்தின் போன் அடித்தது. மகள் சென்னைக்கு ரயிலேறுகிறாள் போல. முழுக்க இங்கிலீஷிலேயே பேசியவர், வைக்கும்போது மட்டும், “பாத்துப் போயிட்டு வா, தங்கம்” என்றார்.

சொன்னபிறகுதான் என்னைப் பார்த்தார். அவரே சாக்பீஸை எடுத்து, போர்டில் கடைசியாக ‘கோ அண்ட் கம்’ என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் போன போட்டு கரை சேர்ந்தது.

இப்போதும் சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களிடம், “கோ அண்ட் கம், சார்” என்பேன். தப்பு இங்கிலீஷ் என்று சிலர் திருத்துவார்கள். திருத்தட்டும். கடலுக்குப் போன ஆளுக்காக அவர்கள் ஒரு ராத்திரிகூடக் காத்திருந்ததில்லை.