கோடையில் அளந்த ஓடை

மெல்பர்னில் மகள் வீட்டுத் தெருமுனையில் ஒரு காலி மனை இருக்கிறது. சில மாதங்களுக்கு முன் அதன் வேலியில் மஞ்சள் அறிவிப்பு ஒன்றை மாட்டினார்கள். இங்கே எட்டு வீடுகள் வரப்போகின்றன, ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்று. நாயோடு நடக்கிறவர்கள் நின்று படித்தார்கள். நாய்களும் பொறுமையாக நின்றன. நம் ஊரிலும் அறிவிப்பு ஒட்டுவோம். அலுவலகத்துக்குள், எப்போதும் திறந்தே கிடக்கும் கதவின் பின்பக்கத்தில். விதி ஒட்டத்தான் சொல்கிறது, படிக்க வைக்கச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு பீட்டர் என் பழைய வேலையை விசாரித்தார். மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்த்தேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் எத்தனை தவறுகளைத் தடுத்திருப்பீர்கள்!" நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஆட்சேபப் படிவத்தை என் கையில் திணித்தார். அந்த மனைக்குப் பின்னால் ஒரு க்ரீக் இருக்கிறது. மழைக்கு மட்டும் தண்ணீர் போகும் ஓடை.

எனக்கு ஓடைகளைத் தெரியும். எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தேன். இராஜபாளையத்தில் மில்களும் பேண்டேஜ் துணிக் கம்பெனிகளும் பெருகிய காலம். ஊருக்கு வெளியே பருத்திக்காடுகளில் வெள்ளையடித்த கற்கள் முளைத்தன. மனை போடுகிறவர் தன் நிலத்தில் ரோட்டுக்கு இடம் விட வேண்டும். நடுவே ஓர் ஓடை போனால் அவருக்கு யோகம். அரசு நிலமான அதையே ரோடாகக் காட்டிவிட்டால் சொந்த நிலம் மிச்சம். அந்த ஊரின் புதுப் பகுதிகளில் நேராகப் போகும் தெரு ஸ்கேலால் போட்டது. காரணமில்லாமல் வளையும் தெரு தண்ணீர் போட்டது.

அப்படி ஒரு தெருவை நானும் அனுமதித்தேன். இடத்தைப் பார்வையிடப் போனது சித்திரை வெயிலில். ஓடையில் வண்டித்தடம் கிடந்தது. தரகர் சீனி குடை பிடித்துக்கொண்டு, "எம்புட்டு நேரம் சார் வெயில்ல நிப்பீக? தடம் கெடக்கு, பாதைன்னு எழுதிட்டு வாங்க, கலர் குடிப்போம்" என்றார். எழுதினேன். நாற்பதடி ஓடை இருபத்துமூன்றடிப் பாதை ஆயிற்று. மிச்சம் இருபுறத்து மனைகளுக்குள் போனது. லஞ்சம் வாங்கவில்லை. அங்கே ஒரு மனை மட்டும் வாங்கினேன், முழு விலைக்கு, துறையின் முன்னனுமதியோடு. முதலில் தேர்ந்தெடுக்கும் சலுகையைத்தான் சீனி தந்தார். அதற்குப் படிவம் எதுவும் இல்லை.

பேண்டேஜ் துணி மடிக்கும் ஞானம்மாள் நகையை விற்று, பாதையோரம் ஒரு மனை வாங்கினாள். வாங்குமுன் என் மேசைக்கு வந்து, "நம்பி வாங்கலாமா சார்?" என்று கேட்டாள். "அப்ரூவ்டும்மா" என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மழையில் தண்ணீர் தன் வழியைத் தேடி வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அவள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர். அவளும் கணவரும் டிரங்குப் பெட்டியோடும் இரண்டு ஆடுகளோடும் என் காலி மனையில் நின்றார்கள்.

"ஒங்க எடத்துலதான் நிக்கோம் சார், கோவிச்சுக்கிராதீக."

"இது ஓடைன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் வந்தது கோடையில."

சேலையைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். "தெரியாமத்தான் மேட்டு மனையாப் பாத்து வாங்குனீகளாக்கும்?"

"ஏட்டி, ஆபீசர்ட்ட என்ன பேச்சு" என்று கணவர் அதட்டினார்.

"ஆபீசருக்கென்ன, அவுகதான் நனையலயே."

மறுநாளே, அது பாதையல்ல, ஓடை என்று திருத்தக் கடிதம் தட்டச்சு செய்தேன். பிறகு விதிகளைப் படித்த என் அறிவு குறுக்கே வந்தது. ஓடை என்று ஆகிவிட்டால் ஓரத்து வீடுகள் ஆக்கிரமிப்பு. அடுத்தது நோட்டீஸ், அதற்கடுத்தது இடிப்பு. முதல் நோட்டீஸ் அவள் கதவில்தான் ஒட்டப்படும். அது எல்லோர் கண்ணிலும் படும். அவளுக்காகத்தான் கடிதத்தை அனுப்பவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அப்போது என் ஓய்வூதியக் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கே பீட்டர் தந்த படிவத்தோடு நாலு பக்கம் ஆட்சேபம் எழுதினேன். கவுன்சில் எட்டு வீடுகளை ஐந்தாக்கி, க்ரீக்கை விட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டது. பீட்டர் கேக் கொண்டுவந்து, நான் தெருவைக் காப்பாற்றியதாகக் கையைக் குலுக்கினார்.

அதே வாரம் ஞானம்மாளின் கடிதம் வந்தது, அவள் மகள் கையெழுத்தில். "இந்த ஐப்பசிக்கும் வீட்டுக்குள்ள தண்ணி. ஒங்க மனையை எங்க பேருக்கு எழுதிக் குடுத்தா மேல ஏறிக்கிடுதோம். வெலைய நீங்களே சொல்லுங்க."

விலை கேட்க எனக்கு வாயில்லை. தானமாகவே எழுதிவிடலாம். வழி தெரியும்: ஊரில் ஒருவருக்கு பவர் பத்திரம், இங்கே துணைத் தூதரகத்தில் சான்றொப்பம், அங்கே பதிவு. எல்லாம் தட்டச்சு செய்து மேசையில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த மனை போய்விட்டால் அந்த ஊரில் என் பெயரில் ஒரு பிடி மண் இருக்காது. இந்த ஊரில் எப்போதும் இருந்ததில்லை. வெயிலில் நின்று ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்ட கை, மூன்று வாரமாகப் பேனாவைத் திறந்து மூடுகிறது.

அங்கே அடைமழையாம். இங்கே கோடை தொடங்கிவிட்டது. க்ரீக் வற்றி, அதில் நாயோடு நடக்கிறார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால், பாதை என்றே எழுதத் தோன்றும்.