பள்ளிக்கூடத்துக்கு மாப்பிள்ளை

சிட்லபாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இன்று மஞ்சள் நீராட்டு. எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவன் என்பதால் சீரியல் லைட் கட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பதிமூன்று வயது. ஓலைத் தடுப்புக்குள்ளிருந்து மெதுவாகப் பேசினாள்.

“அண்ணா, இனிமே ஸ்கூல் கிடையாதாம். நீங்க சொன்னா அப்பா கேட்பாரு.”

அவள் அப்பாவிடம் நேராகவே சொன்னேன். “படிப்பை நிறுத்தறது தப்பு சார். நல்லா படிக்கிற பொண்ணு.”

அவர் சிரித்தார். “உனக்குப் படிச்ச பொண்ணுதான் வேணுமா? சொல்லுப்பா. நீதான் மாப்பிள்ளைன்னா பத்தாவது வரைக்கும் அனுப்பறேன்.”

மறுத்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒப்புக்கொண்டால், அண்ணா என்று கூப்பிட்ட குழந்தைக்கு நான் மாப்பிள்ளை.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளை முறுக்கு என்று பந்தலில் பேசிச் சிரிக்கிறார்களாம்.

உங்களில் யாருக்காவது மூன்றாவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள். அவர் காத்திருக்கிறார்.