என்னத்தைத் துடைக்கிறார்?

"என்னத்தைத் துடைக்கிறார்?" என்று அந்த வைத்தியர் ஒரேயொரு தடவை கேட்டிருந்தால், என் மாமா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாரா? பல வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். ஒரு நாள் ஓம் என்று தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும். கேள்வி வரும்போதெல்லாம் கூடவே ஒரு துணித்துண்டும் நினைவில் வரும். மாமா உடுத்த பழைய சாறத்திலிருந்து மாமி கிழித்துக் கொடுத்த, நீலக் கட்டம் போட்ட துண்டு. எண்ணெய் ஊறிய அந்தத் துண்டு, நோர்வேயில், புருசெத்தில் அவர்களுடைய படுக்கையறையிலிருந்த இரும்பு அலமாரியின் கைபிடியில் எப்போதும் தொங்கும். அலமாரிக்குள் மாமாவின் வேட்டைத் துவக்கு இருந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்துக்காரர் நாங்கள் துப்பாக்கியைத் துவக்கு என்போம். இந்த விளக்கத்தை அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

மாமா என் அம்மாவின் தம்பி. அகதியாக வந்து, பேருந்துகள் திருத்தும் வேலையில் சேர்ந்தவர். கூட வேலை செய்த நோர்வேக்காரர்கள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எல்க் மான் வேட்டைக்குப் போவார்கள். ஒரு வருடம் மாமாவையும் கூப்பிட்டார்கள். அவர் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் வேட்டைப் பரீட்சை எழுதினார். விண்ணப்பம் போட்டதும், குற்றப் பதிவு இருக்கிறதா, குடிப் பழக்கம் இருக்கிறதா என்று பொலிஸ் பார்த்தது. அனுமதி வந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சிரித்தார். "என்னத்துக்குத் துவக்கு எண்டு கேட்டவங்கள். மானுக்கு எண்டனான். மனிசருக்கு இல்லை எண்டு சொல்ல வெளிக்கிட்டு, டக்கெண்டு வாயை மூடினனான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊரிலை துவக்கு வைச்சிருந்தவன் ஒருத்தனும் தான் ஆரெண்டு எங்களுக்குச் சொன்னதில்லை. இஞ்சை தகப்பன்ரை பேர் வரைக்கும் கேட்டுத்தான் கையிலை தந்தவங்கள்" என்றார். அவர் பெருமைப்பட்டது துவக்குக்காக இல்லை என்று இப்போது எனக்குப் படுகிறது. ஒரு அரசாங்கம் தன்னை விசாரித்துப் பார்த்து, நம்பலாம் என்று சொன்னதுதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

மாமிக்கு அது பிடிக்கவேயில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இஞ்சை வந்து கடையிலை வாங்குது" என்று எல்லோரிடமும் சொல்லுவா. இரும்பு அலமாரிக்கு மாமி வைத்த பெயர் இரண்டாந்தாரம். வீட்டை விட்டு வெளிக்கிடும்போதெல்லாம், சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "இஞ்சேருங்கோ, உங்கடை இரண்டாந்தாரத்தைப் பூட்டிப்போட்டியளோ?" என்று கேட்பா. "அவ உம்மைப் போலை இல்லை, பூட்டினால் சத்தம் போடாமல் இருப்பா" என்பார் மாமா. நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். நாள்தோறும் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை மாமி பகிடியாக்கி வைத்திருந்தா என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஊரில் போரின் கடைசி மாதங்களில் மாமா மாறிப்போனார். அங்கே இருந்த அவருடைய தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வேலைக்குப் போவார், வருவார், தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். போர் முடிந்த பிறகு தொலைக்காட்சியையும் போடவில்லை. சுகயீன விடுப்பில் வீட்டில் நின்றார். நான் போனால் "வா பிள்ளை" என்பார், அதற்கு மேல் பேச்சு வராது. விடிய எழும்பியவுடன் அலமாரியைத் திறந்து, துவக்கை மடியில் வைத்து, நீலக் கட்டத் துணியால் துடைத்துக்கொண்டேயிருப்பார். அது ஏற்கெனவே பளபளவென்று இருக்கும். மாமியின் பகிடி நின்றுபோனது.

ஒரு நாள் மாமி, தன் பொறுப்பிலேயே, குடும்ப வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்வதென்று முடிவெடுத்தா. ஒருவர் துவக்கு வைத்திருக்கக் கூடிய நிலையில் இல்லை என்று வைத்தியருக்குத் தெரிந்தால், அவர் பொலிசுக்கு அறிவிப்பார் என்று மாமிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கூட வருகிறேன் என்று கேட்டேன். "நீ சின்னப்பிள்ளை, உனக்கு இந்தக் கதையள் வேண்டாம்" என்றுவிட்டா. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார்கள். திரும்பி வந்து, "நல்லாக் கதைச்சவர், இந்தியாக்காரர் போலை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்" என்றா. அவ முகத்தில் அன்றைக்கு இருந்த ஆறுதலை நான் மறக்கவில்லை.

பிறகு காத்திருந்தோம். பொலிஸ் வரும், துவக்கை எடுத்துக்கொண்டு போகும், மாமா கோபிப்பார், கொஞ்ச நாளில் ஆறிவிடுவார் என்று அம்மாவும் மாமியும் சமையலறையில் கதைத்துக்கொள்வார்கள். மணி அடித்தால் மாமி திடுக்கிட்டு எழும்புவா. தபால்காரராக இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும். வாரங்கள் போனதும் மாமியின் பயம் நம்பிக்கையாக மாறத் தொடங்கியது. "அவங்கள் வரேல்லை எண்டால் விசாரிச்சுப் பார்த்திருப்பாங்கள்தானே. பிரச்சினை இல்லை எண்டுதானே வராமல் விட்டவங்கள்" என்றா. அம்மாவும் ஓம் என்றா. நாங்கள் வாழ வந்த நாட்டில், சொன்னால் கேட்பார்கள், கேட்டால் செய்வார்கள் என்று நம்பியிருந்தோம். அந்த இலையுதிர் காலத்தில், மாமி கடைக்குப் போயிருந்த ஒரு பகலில், மாமா அந்தத் துவக்காலேயே தன் உயிரை எடுத்துக்கொண்டார். இதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

காரியங்கள் முடிந்த பிறகு வைத்தியர் மாமியை வரச் சொன்னார். இந்தத் தடவை நான்தான் கூடப் போனேன். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. மாமாவிடம் துவக்கு இருந்தது தனக்குத் தெரியாது என்றார். "நித்திரை இல்லை, விடிய எழும்பித் துடைக்கத் துவங்குகிறார், அதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றுதான் உங்கள் மாமி சொன்னா" என்றார். அதனால்தான் நித்திரைக்கு மருந்து எழுதிக் கொடுத்தாராம். வீட்டைத்தான் துடைக்கிறார் என்று நினைத்து, துப்புரவு செய்வது சிலருக்கு மனதை ஆற்றும் என்று ஆறுதலும் சொன்னாராம். நான் அதைத் தமிழாக்க வாயெடுத்தேன். "விடிய எழும்பி" வரைக்கும் வந்தேன். மாமி சொல்லியிருக்கக் கூடியது எனக்கு அப்படியே கேட்டது: "விடிய எழும்பித் துவக்குத் துடைக்கிறார்." தொலைபேசியின் மறுபக்கத்தில் இருந்தவருக்குத் துவக்கு என்றால் தொடங்கு. அவர் பிழையான தமிழ் எதுவும் பேசவில்லை. மாமியும் பேசவில்லை. மெதுவாக விளங்கப்படுத்தினேன். மாமி மேசையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "வெக்கத்திலை அந்தச் சொல்லை ஒருக்காத்தான், மெதுவாச் சொன்னனான். சத்தமாச் சொல்லியிருக்க வேணும்" என்றா. அவ்வளவுதான். இப்போது மாமி பேர்கன் நகரில் தன் தங்கையோடு இருக்கிறா. தொலைபேசியில் பேசும்போது கவனித்திருக்கிறேன், பள்ளிக்கூடம் துவங்கியதா என்று கேட்கமாட்டா. தொடங்கியதா என்றுதான் கேட்பா.

துவக்குச் சட்டத்தை இறுக்கவேண்டுமா என்ற விவாதம் இங்கே அடிக்கடி எழும். எங்கள் அலுவலகத்து மதிய உணவு மேசையிலும் எழுந்தது. ஒவ்வொரு நோயாளியிடமும் வீட்டில் துவக்கு இருக்கிறதா என்று வைத்தியர் கேட்கவேண்டும் என்றாள் ஒருத்தி. அப்படிக் கேட்டால் வேட்டைக்காரர்கள் மனம் சரியில்லாதபோது வைத்தியரிடமே போகமாட்டார்கள் என்றார் வேட்டைக்குப் போகும் இன்னொருவர். இருவரும் சொன்னது சரியென்றே பட்டது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "இன்னும் இறுக்கினால் சண்டை நடந்த நாட்டிலை இருந்து வந்த ஒருத்தருக்கும் குடுக்கமாட்டாங்கள். எங்களைப் பார்த்தாலே பயப்பிடுவாங்கள்" என்றார். அதுவும் சரிதான். பொலிஸ் மாமாவைப் பரிசோதித்தபோது அவரில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவர்கள் நம்பிக் கொடுத்த மனிதர் வேறு, போருக்குப் பிறகு அலமாரியைத் திறந்த மனிதர் வேறு. எந்தச் சட்டம் விடிய எழும்பி ஒரு வீட்டுப் படுக்கையறைக்குள் வந்து பார்க்கும்? அந்த வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும். நாங்கள் சொன்னோம். அதுவும் உதவவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் மகன் பாலர் பாடசாலையில் படிக்கிறான். அவனுடைய நெருங்கிய தோழனின் வீடு ஹவுகெட்டோவில். ஒரு முறை மகனைக் கூட்டிவரப் போனபோது, அவர்கள் வீட்டு வாசலில் எல்க் கொம்பும், வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் தொப்பியும் மாட்டியிருந்ததைக் கண்டேன். போன கிழமை பாடசாலையில் பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கையில், அந்தத் தாய் களைத்த குரலில் சொன்னாள்: "என் மனிசன் குளிர்காலத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை. நித்திரையும் இல்லை. விடிய எழும்பித் துடைத்துக்கொண்டே இருக்கிறார்." நோர்வே மொழி எனக்குத் தாய்மொழி மாதிரி. இடையில் மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. என்னத்தை என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டால் போதும். "அப்படியா, பாவம்" என்றேன். மகனின் கையுறையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவள் சமையலறையைத்தான் சொன்னாளோ தெரியாது. என் பயத்தை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறேனோ தெரியாது. கேட்டு, அவள் கோபித்து, மகனுக்கு இருக்கும் ஒரேயொரு தோழனும் இல்லாமல் போவானோ? கேட்காமல் விட்டால் பிறகு ஒரு நாள் நானும் மேசையைப் பார்த்தபடி இருக்கவேண்டி வருமோ? வைத்தியரிடம் சொல்ல நான் அந்த மனிதருக்கு யார்? வருகிற சனிக்கிழமை மகனை அங்கே விளையாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த நீலக் கட்டத் துணி கண்ணுக்குள்ளேயே தொங்குகிறது. மாமியிடம் ஒரு பகிடி இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை. இதை வாசிக்கிறவர்களில் தாய்மார் இருப்பீர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள்கூட இருக்கலாம். அந்தப் பெண்ணிடம் நான் எப்படிக் கேட்கவேண்டும், எந்தச் சொல்லில் கேட்டால் அவள் கதவைச் சாத்தமாட்டாள் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு முதல் சொல்லுங்கள்.