கரவானுக்கு ஒரு அன்ரனா

இன்று, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவில் நான் வேலை செய்யும் ரீவிக் கடைக்கு ஒரு அண்ணை வந்தார். கரவானுக்கு அன்ரனா வேண்டுமாம். காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற அந்தச் சக்கர வீடுதான்.

விடுமுறைப் பயணம் என்று நானே முடிவுகட்டினேன்.

"வக்கான்ஸ் போறியளோ? குடுத்துவைச்ச ஆள்!"

அவர் சிரித்தார்.

"ஊரூராப் போறதெண்டால் இந்த வட்டமானதை எடுங்கோ அண்ணை. எல்லாப் பக்கத்தாலையும் பிடிக்கும்."

"கரவான் ஓடாது தம்பி. ரயர் இல்லை."

"அப்ப கம்பத்திலை பூட்டுறது திறம். ஒருக்காத் திருப்பிவிட்டால் காணும்."

"மதிலுக்கு மேலாலை தெரியக்கூடாது. பொண்டிப் பக்கமா ஒராளின்ரை வளவுக்குள்ளை நிக்குது. நான் அதுக்குள்ளை இருக்கிறதை அயல்சனம் கண்டால் சொல்லிக்குடுத்து வெளியேத்திப்போடுவாங்கள்."

மேசையில் வைக்கிற சின்ன அன்ரனாவை எடுத்துக் கொடுத்தேன். தகரத்துக்குள் அது சரியாகப் பிடிக்காது என்பதையும் சொன்னேன்.

"படம் வராட்டியும் பரவாயில்லை. ஆக்கள் கதைக்கிற சத்தம் கேட்டால் காணும்."

வாசலில் நின்று திரும்பினார்.

"ஆரும் கேட்டால் வக்கான்ஸுக்கெண்டே சொல்லும்."

உங்களிடம் வக்கான்ஸ் போவதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே போனார்கள்? எனக்கு எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.