எதிர்வீட்டு அக்கா கேட்ட ஆல்பம்

பித்தளைத் தட்டில் கற்பூரம் எரிய, கையில் வேப்பிலைக் கொத்தோடு எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்ற அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நான் திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. விளக்கேற்றிவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தேன். அக்காவுக்குப் பின்னால் தெருப் பெண்கள் சிலர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பயபக்தியோடு நின்றார்கள். "வூட்ல யாருக்குமா ஆத்தா எறங்கிகீது? கொரலு தெருக்கோடி வரைக்கும் கேக்குது" என்றார் அக்கா. மாடியிலிருந்துதான் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து உறுமி எழும் குரல். ஒரு மனிதத் தொண்டை இதைத் தாங்குமா என்று நினைக்க வைக்கும் குரல். எனக்கும் அக்காவின் நினைப்புதான். நாம் வந்து சேர்ந்த வீட்டில் அம்மன் அருள் இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டே அவர்களோடு படியேறினேன்.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் என் வீட்டுக்காரரின் தம்பி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காதில் பெரிய ஹெட்போன். தோளைத் தொடும் முடி முகத்தை மறைத்திருந்தது. அக்கா நேரே போய்க் கற்பூரத்தைக் காட்டி, "தாயே, எம் பொண்ணுக்கு வர்ற எடமெல்லாம் தட்டிப்போவுது, ஒரு வார்த்த சொல்லு" என்றார். சூடு பட்டுக் கண்ணைத் திறந்த கொழுந்தனார் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "இன்னா அண்ணி, கோயில் வசூலா?" என்றார். விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்பதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. "சாமி இல்லக்கா. பாட்டு. டெத் மெட்டல்னு ஒரு பாட்டு. எங்க பேண்டுல நான்தான் பாடுறேன்." அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டுன்னு நீ சொல்ற நைனா. உள்ள இருந்து பாடுறது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, தட்டிலிருந்த திருநீற்றை அவர் நெற்றி நிறையப் பூசிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் குரலோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். கொழுந்தனார் மணலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு மாடிக்குப் போனால் உறுமல் ஆரம்பித்துவிடும். நான் எட்டாவது வரை படித்தவள். அந்தப் பாட்டின் தலையும் வாலும் எனக்குத் தெரியாது. அதிமதுரமும் சித்தரத்தையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, பனங்கற்கண்டு கலந்து மேலே கொண்டுபோய் வைப்பேன். அது தெரியும். அவருடைய கறுப்பு பனியன்களில் எல்லாம் மண்டையோடு இருக்கும். சுடுகாட்டுத் துணியை வாசல் கொடியில் போடாதே என்று மாமியார் திட்டுவார். மயானக் கொள்ளை அன்று மண்டையோட்டு மாலை போட்ட அங்காளம்மனைத்தானே நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். மாமியாரிடம் அதைச் சொல்ல முடியுமா? உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப்போடுவேன். வீட்டில் சண்டை வராமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது.

பேண்டில் அவர்கள் நான்கு பேர். ஆரம்பத்தில் ஆல்பங்கள் போட்டார்கள், அந்த மாதிரிப் பாட்டு கேட்பவர்களிடம் பெயரும் இருந்ததாம். பிறகு கல்யாணம், வேலை மாற்றம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டது. முடி கொட்டிப் போனது. டிரம்ஸ் வாசிப்பவருக்கு முழங்கால் வலி. அப்படி இருந்தவர்கள்தான் போன வருஷம் மறுபடி சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டார்கள். 'அலை தின்ன தெரு' என்று பெயர். அதுவரை இங்கிலீஷில் பாடியவர்கள் முதல் தடவையாகத் தமிழில் பாடியிருந்தார்கள். கடற்கரையை ஒட்டி என் மாமியார் வீட்டாருடைய பழைய வீடு இருந்த வரிசையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போனது. இப்போது அங்கே கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் தாய்வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. பாட்டைக் கேட்டபோது எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. கொழுந்தனார் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பேசுவதுபோல வரிகளைச் சொன்னார். அம்மா சோறாக்கிய அடுப்பின் மேல் நண்டு ஓடுகிறது என்று ஒரு வரி வந்தது. மாமியார் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

ஆல்பத்தைக் கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கொழுந்தனார் தினமும் போனில் பார்ப்பார். நல்லதாகவும் எழுதியிருந்தார்கள். ஆனால் மனுஷன் மனசு எதைப் பிடித்துக்கொள்ளும்? வேகம் குறைந்துவிட்டது, பழைய உறுமல் இல்லை, பாதியில் குரல் உடைகிறது, மாமாக்கள் பேரனைக் கொஞ்சப் போகலாம். இப்படி எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். மாடிக்குப் போவது நின்றது. நகரத்தில் ஒரு ஹாலில் ஆல்பத்துக்காகக் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. "அவுங்க சொல்றது கரெக்டுதான் அண்ணி. ஒத்துகினதுக்காக ஒரு பாட்டு பாடுறேன். இதுதான் கடைசின்னு மைக்லயே சொல்லிட்டு எறங்கிடுவேன்" என்றார். பேண்டில் இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டார். வைத்த கஷாயம் வைத்தபடியே ஆறிக்கிடந்தது. அந்தக் குரல் நின்றுபோன வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் விளக்கின் முன்னால் அது நிற்கக் கூடாது என்றுதான் வேண்டினேன்.

ஒருநாள் போனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். இந்தக் குரலை முதலில் கேட்டு வந்தவர் அவர்தானே. அக்கா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பாட்டைப் போட்டு, வரிகளையும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கையை நிறுத்தாமல் கேட்டார். குரல் உடைகிற இடம் வந்ததும் கை நின்றது. முடிந்ததும் மீன் கையைக்கூடக் கழுவாமல் தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த கொழுந்தனார் முன்னால் போய் நின்றார்.

"நைனா, அப்ப ஆத்தா கோவமா கீற மாதிரி இருந்துச்சு. இப்ப அழுவுது."

"கொரலு போயிச்சுக்கா. அதான் அப்டி கேக்குது."

"போவாம? எங்கம்மா வூடே போயிச்சு. வூடு போனத பாடுறவனுக்குக் கொரலு மட்டும் புச்சா இருக்குமா? எங்க பாடப் போற, சொல்லு. நானும் வரேன்."

"அங்கெல்லாம் நீ வர முடியாதுக்கா. காது போயிடும்."

"போனா போவட்டும். அத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்."

கச்சேரிக்கு நாங்கள் இருவரும் ரயிலேறிப் போனோம். அக்கா பட்டுப்புடவை கட்டி, மடியில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருந்தார். ஹால் முழுக்கக் கறுப்பு பனியன் போட்ட சின்னப் பிள்ளைகள். முதல் பாட்டே 'அலை தின்ன தெரு'தான். டிரம்ஸ் விழுந்ததும் தரை என் காலுக்குள் ஏறியது. கொழுந்தனார் பாடினார். ஆல்பத்தில் உடைந்த அதே இடத்தில் குரல் உடைந்தது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் எல்லாம் முடியை விரித்துப் போட்டுத் தலையைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். "இன்னாமே, இத்தினி பேருக்கா சாமி வந்துகீது? ஒருத்தரும் புடிக்காம வுட்டுட்டானுங்களே" என்றார்.

எங்கள் பக்கம் அருள் வந்தவரைத் தனியாக ஆடவிட மாட்டோம். விழுந்து அடிபடாமல் ஒருவர் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாமி மலையேறும் வரை பிடித்தவர் கையை எடுக்கக் கூடாது. அக்கா கூட்டத்துக்குள் நுழைந்து, தலை சுழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். பட்டுப்புடவையைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, உடம்பை அக்காவின் மேல் சாய்த்துக்கொண்டு இன்னும் வேகமாகச் சுழற்றினாள். பக்கத்திலிருந்த பையன், "ஆன்ட்டி, எனக்கு?" என்று கேட்டான். நான் போய் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியதும் கொழுந்தனார் மைக்கைக் கிட்டே இழுத்தார். கடைசி என்று சொல்லப்போகிறார் என்பது அங்கே கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். வாய் திறந்தவரின் கண் கூட்டத்தில் எங்களைக் கண்டுபிடித்தது. அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் நெற்றியில் திருநீறு. அக்கா காலை அகட்டி ஊன்றி, இடுப்பைப் பிடித்த கையை எடுக்காமல், மேடையையே பார்த்தபடி காத்திருந்தார். கொழுந்தனார் திரும்பி டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மைக்கிலேயே சொன்னார்:

"அக்கா, வுட்றாத. இன்னும் கீது."