நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் நுரையீரலைப் பரிசோதிக்கப் போயிருந்தோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு அது. ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டுவது என் வேலை. பெரும்பாலோர் பாதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் மூச்சை அளக்கும் கருவியின் குழாயில் ஊதினார்கள்.

ஓர் அம்மாள் மட்டும் கடைசி வரி வரை கேட்டார். ஐம்பது வயதிருக்கும். புருவத்தில்கூடப் பஞ்சுத் தூசி. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் பக்கத்தில் இருப்பவரிடமும் உரக்கத்தான் பேசுவார்.

"ஏனுங்க சாமி, முன்னயும் இப்படித்தான் வந்து ஊதச் சொன்னாங்க. எங்க நெஞ்சு எப்படி இருக்குதுன்னு யாருமே திரும்பி வந்து சொல்லலீங்க. நீங்க சொல்லுவீங்களா?"

"கட்டாயம் சொல்றோம்மா" என்றேன்.

"அப்ப அதை இதுல எழுதி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

படிவத்தில் அதற்கு இடமே இல்லை. ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் பிறகே ஊதினார்.

உண்மையில், முடிவுகளை ஊருக்குச் சொல்லும் திட்டமே எங்களிடம் இல்லை. அந்த ஓரக் குறிப்பைக் காட்டித்தான் மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்கினேன். அடுத்த ஆண்டு திரும்பப் போய், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னோம். அந்த அம்மாளின் நுரையீரல் நன்றாக இல்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அதையும் கடைசி வரை கேட்டார். பிறகு, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகோணும்? அதையும் சொல்லுங்க" என்றார்.

சேலத்துக்கு நானே கூட்டிப் போனேன். மருந்தில் மூச்சிரைப்பு குறைந்தது. அவரைப் போலவே நோயை நேரத்தில் அறிந்து சிகிச்சைக்குப் போனவர்கள் அந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். யார் கேட்டதால் பரிசோதனை முடிவு தங்களிடம் வந்து சேர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.